தளத்தில் செய்த மாற்றம் வாசகரின் திரைக்குப் போய்ச் சேர: பிரவுசர் கேஷ் அமைப்புக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு கல்லூரியின் இணையதளத்தைப் பராமரித்து வந்தபோது, தேர்வுக் கால அட்டவணையில் 14 என்று இருந்த தேதியை 17 என்று திருத்தி, பிடிஎஃப் கோப்பைப் பழைய பெயரிலேயே சர்வரில் ஏற்றினேன். என் கணினியில் 17 என்றே தெரிந்தது. மறுநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்த பெற்றோர் பலர், அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டே "14ஆம் தேதி என்றுதானே போட்டிருக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். முந்தைய வாரம் அந்தக் கோப்பை அவர்களுக்கு அனுப்பியபோது, "இதை 30 நாள் வைத்துக்கொள்ளலாம்" என்று எங்கள் சர்வரே சொல்லி அனுப்பியிருந்தது. அவர்களின் பிரவுசர் அந்தச் சொல்லை நம்பி, எங்களிடம் திரும்பக் கேட்காமலே பழைய பிரதியைக் காட்டியது. இப்படிப் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இடத்தின் பெயர்தான் கேஷ்.

ஒரு மாற்றம் எப்போது தெரியும் என்பது நீங்கள் கோப்பை ஏற்றும் நாளில் முடிவாவதில்லை. அதற்கு முந்தைய பிரதியை அனுப்பிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கீழே உள்ள படிகளின் வரிசை இதிலிருந்து பிறந்தது என்பதால், வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

சர்வரின் பதில் ஹெடர்களை, அதாவது கோப்போடு சேர்த்து அது அனுப்பும் குறிப்பு வரிகளை, மாற்றும் உரிமை வேண்டும். சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் அதன் அமைப்புக் கோப்பு, அப்பாச்சி என்றால் பெரும்பாலும் தளத்தின் எச்டிஅக்சஸ் கோப்பு. கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவையில் இந்த உரிமை கிடையாது. அங்கே கோப்புகள் 600 விநாடி ஆயுளோடு அனுப்பப்படுகின்றன, அந்தப் பத்து நிமிடத்தை ஏற்றுக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

சர்வருக்கு முன்னால் சிடிஎன் (கோப்புகளின் பிரதிகளை வைத்துக்கொண்டு வாசகருக்குத் தரும் இடைநிலைச் சேவை) இருந்தால் அதன் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கான கடவுச்சொல்லும் கையில் இருக்கட்டும்.

மூன்றாவதாக, பழைய பிரதியை ஏற்கெனவே திறந்து பார்த்த ஒரு கைபேசி வேண்டும். அதன் கேஷை அழிக்காமல் வைத்திருங்கள். கடைசிச் சோதனைக்கு அதுவே சாட்சி.

ஹெடர் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அமைப்புக் கோப்பில் எழுதும்போது அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலையே பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1. பழைய பிரதி எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள்

வாசகரின் திரைக்கும் உங்கள் கோப்புக்கும் இடையே நான்கு இடங்களில் பழைய பிரதி தங்கலாம்: பிரவுசரின் கேஷ், தளம் பதிவு செய்த சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரில் பின்னணியில் இயங்கும் தளத்தின் ஸ்கிரிப்ட்), சிடிஎன், சர்வரிலேயே இயங்கும் கேஷ் பிளகின். எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழிப்பவர், அடுத்த முறையும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கும்.

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தை ஏற்றுங்கள். குரோமில் அளவைக் காட்டும் பத்தியில் டிஸ்க் கேஷ் அல்லது மெமரி கேஷ் என்று இருந்தால், அந்தக் கோப்புக்காகப் பிரவுசர் சர்வரைத் தொடவே இல்லை. சர்வீஸ் வொர்க்கர் தந்திருந்தால் அதே பத்தியில் அதன் பெயர் வரும். 304 என்ற எண் வந்தால், பிரவுசர் சர்வரிடம் கேட்டது, "மாறவில்லை, உன்னிடம் இருப்பதையே காட்டு" என்று சர்வர் சொன்னது என்று பொருள். 200 என்று முழுக் கோப்பும் வந்து, அதுவும் பழையதாகவே இருந்தால், பிரவுசரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிடிஎன்னையும் சர்வரின் பிளகினையும் பாருங்கள்.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. நெட்வொர்க் பகுதியில் கேஷை முடக்கும் பெட்டியை எப்போதோ டிக் செய்துவிட்டு மறந்துபோவார்கள். டெவலப்பர் டூல்ஸ் திறந்திருக்கும் வரை அவர்களுக்கு எல்லாம் புதிதாகத் தெரியும்; வாசகருக்குத் தெரியாது. முதல் வேலையாக அந்த டிக்கை எடுங்கள்.

2. கோப்புகளை "முகவரி யார் கையில்" என்று பார்த்துப் பிரியுங்கள்

பல வழிகாட்டிகள் கோப்பின் வகையைப் பார்த்துப் பிரிக்கச் சொல்லும்: எச்டிஎம்எல் ஒரு பக்கம், படமும் பிடிஎஃப்பும் மறுபக்கம். எனக்கு அது உதவவில்லை. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோப்பின் முகவரியை மாற்ற என்னால் முடியுமா?

ஸ்டைல் கோப்பு, ஸ்கிரிப்ட், எழுத்துரு, பக்கத்தின் அலங்காரப் படம் ஆகியவற்றின் முகவரி உங்கள் எச்டிஎம்எல்லுக்குள் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. உள்ளடக்கம் மாறும்போது முகவரியையும் மாற்றிவிடலாம். முகப்புப் பக்கத்தின் முகவரியோ வாசகரின் நினைவிலும் கூகுளிலும் இருக்கிறது. கால அட்டவணையின் முகவரி நூறு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவை இனி உங்கள் கையில் இல்லை.

ஆகவே முதல் குவியலில் முகவரி மாறக்கூடிய கோப்புகள். இவற்றை ஓராண்டுக்குக்கூடச் சேமிக்கச் சொல்லலாம். இரண்டாம் குவியலில் முகவரி மாறக் கூடாதவை. இவற்றை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுவிட்டே காட்டச் சொல்ல வேண்டும். எங்கள் கால அட்டவணையை அதன் வகையைப் பார்த்து முதல் குவியலில் போட்டிருந்தோம். நடந்த தவறு அதுதான்.

3. முகவரி மாறாத கோப்புகளுக்கு முதலில் "நோ-கேஷ்" தாருங்கள்

இரண்டாம் குவியலுக்கு கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் நோ-கேஷ் என்ற மதிப்பைத் தாருங்கள். பெயர் குழப்பும். சேமிக்காதே என்று அதற்குப் பொருளில்லை. சேமித்துக்கொள், ஆனால் காட்டும் முன் என்னிடம் கேள் என்பதே பொருள். சேமிக்கவே கூடாது என்று சொல்வது நோ-ஸ்டோர். அது மதிப்பெண், வங்கிக் கணக்கு போன்ற தனிப்பட்ட விவரம் காட்டும் பக்கத்துக்கு உரியது. சாதாரணப் பக்கங்களுக்கு நோ-ஸ்டோர் தந்தால், எதுவும் மாறாத நாளிலும் வாசகர் முழுக் கோப்பையும் திரும்பத் திரும்ப இறக்க வேண்டியிருக்கும். நோ-கேஷ் என்றால் மாறாத நாளில் கோப்பின் உள்ளடக்கம் இல்லாத ஒரு 304 பதிலோடு வேலை முடிந்துவிடும்.

"எந்த ஹெடரும் தராமல் விட்டால் பிரவுசர் சேமிக்காது" என்று நினைப்பவர்கள் அநேகம் பேர். எச்டிடிபி கேஷ் பற்றிய 2022ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 9111 என்ற தர ஆவணம், ஆயுள் குறிப்பிடப்படாத பதிலுக்குப் பிரவுசரே ஓர் ஆயுளை ஊகித்துக்கொள்ள இடம் தருகிறது. வழக்கமான ஊகம், கோப்பு கடைசியாக மாறிய நாளிலிருந்து கழிந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. 200 நாளாக மாறாத பக்கம் ஒன்றை இன்று அனுப்பினால், அது 20 நாள் வரை கேள்வியின்றிக் காட்டப்படலாம். நெடுநாள் தொடாத பக்கத்தைத் திருத்தும்போதுதான் பழைய பிரதி பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது என்ற அனுபவத்துக்குக் காரணம் இதுவே.

எச்டிஎம்எல்லுக்குள் மெட்டா குறியில் கேஷ்-கன்ட்ரோல் எழுதி வைப்பதும் பழைய பழக்கம். இன்றைய பிரவுசர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சர்வர் அனுப்பும் ஹெடரில்தான் தர வேண்டும்.

நோ-கேஷ் சரியாக வேலை செய்ய, கோப்பு மாறியதா என்பதைச் சர்வர் சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கான அடையாளம் ஈடேக். என்ஜின்எக்ஸ் இந்த ஈடேக்கைக் கோப்பு மாறிய நேரத்தையும் கோப்பின் நீளத்தையும் சேர்த்து உருவாக்குகிறது. உள்ளடக்கத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. ஓர் எச்டிஎம்எல் பக்கத்தில் 14ஐ 17 ஆக்கினால் நீளம் ஒரு பைட்கூட மாறாது. உங்கள் பில்டு கருவி (தளத்தின் கோப்புகளை வெளியிடத் தயாரித்துத் தரும் மென்பொருள்) எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நிலையான தேதியை இடும் வகையாக இருந்தால் நேரமும் மாறாது. அப்போது சர்வர் 304 என்று மனசாட்சியோடு பொய் சொல்லும். இப்படி ஒரு பொய்யைத் தேடி ஒரு மாலைப்பொழுதையே செலவிட்டிருக்கிறேன். ஏற்றிய பின் கோப்பின் மாறிய நேரம் உண்மையில் மாறியதா என்று சர்வரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

4. முதல் குவியலுக்குப் பெயரில் அடையாளம் சேருங்கள்

நீண்ட ஆயுள் தரும் முன், உள்ளடக்கம் மாறினால் முகவரியும் மாறும் என்ற ஏற்பாடு இருக்க வேண்டும். வீட், வெப்பேக் போன்ற கருவிகளைக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளத்தைப் பெயரிலேயே சேர்க்கும்படி அமைக்கலாம்: ஸ்டைல்.4719.சிஎஸ்எஸ் என்பது போல. ஒரு எழுத்து மாறினாலும் அடையாளம் மாறும். பிரவுசருக்கு அது புத்தம் புதிய கோப்பு. பழையதைத் தேட வாய்ப்பே இல்லை.

பில்டு கருவி இல்லாத தளத்தில், முகவரியின் முடிவில் கேள்விக்குறி இட்டு ஒரு பதிப்பு எண்ணைச் சேர்க்கலாம். வேர்ட்பிரஸ் செய்வது இதைத்தான். ஆனால் தீமின் ஸ்டைல் கோப்பைப் பதிவு செய்யும் வரியில் பதிப்பு எண்ணைத் தராமல் விட்டால், வேர்ட்பிரஸ் தன் சொந்தப் பதிப்பு எண்ணையே ஒட்டிவிடும். நீங்கள் ஸ்டைல் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும், வேர்ட்பிரஸ் மேம்படுத்தப்படும் நாள் வரை முகவரி மாறாது. அந்த இடத்தில் கோப்பு மாறிய நேரத்தைத் தரும் பிஎச்பி ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். பிறகு எண்ணை நினைவில் வைத்து மாற்ற வேண்டிய வேலை இருக்காது. கையால் எண்ணை மாற்றுவதாக யார் உறுதியளித்தாலும் மூன்றாவது வாரம் மறப்பார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

5. அதன் பிறகே நீண்ட ஆயுளைத் தாருங்கள்

இப்போது முதல் குவியலுக்குக் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் மேக்ஸ்-ஏஜ்=31536000 என்று தரலாம். விநாடியில் ஓராண்டு. கூடவே இம்யூட்டபிள் என்ற சொல்லைச் சேர்த்தால், வாசகர் ரீலோட் செய்தாலும் இந்தக் கோப்பைக் கேட்க வேண்டாம் என்று அதை ஆதரிக்கும் பிரவுசர்களுக்குத் தெரியும்.

நான்காம் படிக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் அனுபவிப்பது என்னவென்றால், அடையாளம் இல்லாத பெயரில் ஓராண்டு ஆயுளோடு கோப்பு வெளியே போய்விடும். அதன்பின் ஹெடரைத் திருத்தினாலும் அந்தத் திருத்தத்தைக் கேட்க அந்தப் பிரவுசர் ஓராண்டுக்கு வராது.

என்ஜின்எக்ஸில் இரண்டு கண்ணிகள் உண்டு. குறிப்பிட்ட முகவரிகளுக்கான விதிகளை எழுதும் ஒரு லொகேஷன் பகுதிக்குள் ஹெடர் சேர்க்கும் வரி ஒன்றை எழுதினால், வெளியே நீங்கள் எழுதியிருந்த ஹெடர் வரிகள் அனைத்தும் இயல்பாக அந்தப் பகுதிக்குப் பொருந்தாமல் போகும். பாதுகாப்பு ஹெடர்கள் காணாமல் போனதை மாதங்கள் கழித்துக் கண்டுபிடிப்பார்கள். இன்னொன்று, ஹெடர் சேர்க்கும் வரியோடு ஆல்வேஸ் என்ற சொல்லை இங்கே எழுதாதீர்கள். அது இல்லாவிட்டால் 404 பதிலுக்கு இந்த ஹெடர் சேராது. இருந்தால் "கோப்பு இல்லை" என்ற பதிலையும் ஓராண்டு வைத்துக்கொள்ளச் சொன்னதாகிவிடும்.

6. ஏற்றும் வரிசை: துணைக் கோப்பு முன்னே, எச்டிஎம்எல் பின்னே

புதிய எச்டிஎம்எல் முதலில் போய்விட்டால், அந்த இடைவெளியில் வரும் வாசகரின் பிரவுசர் இன்னும் வந்து சேராத ஸ்டைல் கோப்பைக் கேட்கும். பெயரில் அடையாளம் இருந்தால் 404 கிடைத்து, பக்கம் ஒரு நிமிடம் அலங்கோலமாகத் தெரியும், அதோடு போகும்.

கேள்விக்குறிப் பதிப்பு எண் முறையில் நடப்பது இதைவிட மோசம். எச்டிஎம்எல் பதிப்பு 5 என்று கேட்கிறது. சர்வரில் இருப்பதோ பதிப்பு 4இன் கோப்பு. சர்வர் எண்ணைப் பார்ப்பதில்லை, இருக்கும் கோப்பைத் தந்துவிடுகிறது. இப்போது புதிய முகவரியின் கீழ் பழைய உள்ளடக்கம், ஓராண்டு ஆயுளோடு, அந்தப் பிரவுசரிலும், வழியில் சிடிஎன் இருந்தால் அதிலும் பதிந்துவிட்டது. இப்படி ஆகிவிட்டால், எண்ணை 6 ஆக்கி மறுபடி சரியான வரிசையில் ஏற்றுவதே மருந்து.

பழைய அடையாளம் கொண்ட கோப்புகளை உடனே நீக்க வேண்டாம். காலையில் திறந்த தாவலை மாலை வரை மூடாத வாசகர் உண்டு. அவரது பக்கம் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் ஸ்கிரிப்ட் துண்டுகளை பழைய பெயரில்தான் கேட்கும். இரண்டு மூன்று வெளியீடுகளின் கோப்புகளையாவது வைத்திருங்கள்.

ஒற்றைப் பக்கச் செயலி (ஒரே எச்டிஎம்எல்லை வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் மூலம் எல்லாப் பக்கங்களையும் காட்டும் தளம்) என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். இல்லாத முகவரி எதுவாக இருந்தாலும் முகப்பு எச்டிஎம்எல்லைத் தரும்படி சர்வரை அமைத்திருப்பீர்கள். அந்த விதி துணைக் கோப்புகளின் கோப்புறைக்குப் பொருந்தக் கூடாது. பொருந்தினால், காணாமல் போன ஸ்கிரிப்டுக்குப் பதிலாக எச்டிஎம்எல் 200 என்ற எண்ணோடு போய், ஸ்கிரிப்டின் பெயரில் ஓராண்டு தங்கிவிடும்.

7. சிடிஎன் இருந்தால், மூலச் சர்வரைப் புதுப்பித்த பிறகு அதன் கேஷை அழியுங்கள்

முதலில் சிடிஎன்னை அழித்துவிட்டுப் பிறகு கோப்பை ஏற்றினால், இடையில் வரும் ஒரே ஒரு வாசகர் போதும், பழைய கோப்பு மீண்டும் அங்கே நிரம்பிவிடும்.

கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் இயல்பாக எச்டிஎம்எல்லைச் சேமிப்பதில்லை. கோப்பின் பின்னொட்டைப் பார்த்து ஸ்டைல், ஸ்கிரிப்ட், படம், பிடிஎஃப் போன்றவற்றைச் சேமிக்கிறது. சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ் என்ற ஹெடர் ஹிட் என்று காட்டினால் அங்கிருந்து வந்தது. கிளவுட்ஃப்ளேரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பிரவுசர் கேஷ் டிடிஎல் என்ற அமைப்பையும் பாருங்கள். அதன் இயல்பு மதிப்பு 4 மணி நேரம். சிடிஎன் சேமிக்கும் கோப்புக்கு உங்கள் சர்வர் அதைவிடக் குறைந்த ஆயுள் சொல்லியிருந்தால், வாசகருக்குப் போகும் ஹெடரில் அது 4 மணி நேரமாக உயர்த்தப்படலாம். மூலச் சர்வரின் ஹெடரையே மதிக்கும்படி அதை மாற்றிவிடுங்கள்.

பொதுவாக எந்த சிடிஎன்னிலும் ஏஜ் என்ற ஹெடர், பதில் எத்தனை விநாடியாகக் கேஷில் இருக்கிறது என்று சொல்லும். மேக்ஸ்-ஏஜ் 3600, ஏஜ் 3000 என்றால் வாசகரின் பிரவுசர் இன்னும் 600 விநாடிதான் அதை வைத்திருக்கும்.

சிடிஎன்னை அழிப்பது வாசகரின் பிரவுசரில் இருப்பதைத் தொடாது. "அழித்துவிட்டேனே, ஏன் இன்னும் பழையது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

8. சர்வீஸ் வொர்க்கரும் 301உம்

சர்வீஸ் வொர்க்கர் பதிவாகியிருந்தால், மேலே சொன்ன ஹெடர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் அது நின்று பதில் சொல்லும். புதிய வொர்க்கர் வந்தாலும், பழையது கட்டுப்படுத்தும் தாவல்கள் மூடப்படும் வரை அது காத்திருக்கும். ரீலோட் செய்தால் போதாது. காத்திருக்க வேண்டாம் என்று சொல்ல ஸ்கிப்வெயிட்டிங் என்ற கட்டளை உண்டு, ஆனால் பழைய பக்கமும் புதிய வொர்க்கரும் ஒத்துப்போகுமா என்று யோசித்துவிட்டே அதைச் சேருங்கள். சர்வீஸ் வொர்க்கரே வேண்டாம் என்று அதன் கோப்பை சர்வரிலிருந்து நீக்குவது பயன் தராது. வாசகரின் பிரவுசரில் பழையது தொடர்ந்து இயங்கும். அதே முகவரியில், தன் பதிவைத் தானே நீக்கிக்கொள்ளும் ஒரு சிறிய வொர்க்கரை வைக்க வேண்டும்.

301 என்ற நிரந்தர முகவரி மாற்றத்தையும் பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான இடத்துக்கு 301 கொடுத்துவிட்டுப் பிறகு திருத்தினால், ஒருமுறை போனவர் தொடர்ந்து தவறான இடத்துக்கே போவார். சரிபார்க்கும் வரை 302 என்ற தற்காலிக மாற்றத்தைப் பயன்படுத்துங்கள்; 301 தரும்போதும் முதல் சில வாரங்களுக்கு மேக்ஸ்-ஏஜ்=3600 என்று ஓர் எல்லை வையுங்கள்.

9. திரும்பி வரும் வாசகரைப் போலச் சோதியுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு "வந்துவிட்டது" என்று சொல்வது சோதனை ஆகாது. அது கேஷைத் தாண்டிப் போகும் வழி. வாசகர் அதைச் செய்வதில்லை. புதிதாகத் திறந்த மறைநிலைச் சாளரமும் வெறுங்கேஷோடு தொடங்குவதால் முதல்முறை வருபவரைத்தான் காட்டும். சாதாரண ரீலோடும் சரியான அளவுகோல் அல்ல: குரோமில் அது முதன்மைப் பக்கத்தைச் சர்வரிடம் சரிபார்க்கும், துணைக் கோப்புகளை வழக்கம்போலக் கேஷிலிருந்தே எடுக்கும்.

தொடக்கத்தில் எடுத்து வைத்த கைபேசியை இப்போது எடுங்கள். ஒரு புதிய தாவலில் முகவரியைத் தட்டச்சு செய்தோ, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டோ திறங்கள். பின்செல்லும் பொத்தானை அழுத்திப் பார்க்காதீர்கள். நினைவகத்தில் உறைந்திருக்கும் பழைய பக்கம் அப்படியே எழுந்து வரலாம், அது நோ-கேஷ் தோற்றதற்கு அடையாளமல்ல.

10. நீண்ட ஆயுளோடு ஏற்கெனவே போய்விட்டதென்றால்

அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை. அந்தப் பிரவுசர் ஏதேனும் ஒரு காரணத்துக்காக உங்கள் சர்வருக்கு வரும் தருணத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

போனது ஸ்டைல் கோப்போ ஸ்கிரிப்டோ என்றால் எளிது: பெயரை மாற்றி எச்டிஎம்எல்லைத் திருத்தினால் போதும். போனது எச்டிஎம்எல்லே என்றால், அந்தப் பழைய பக்கம் இன்னும் சர்வரிடம் கேட்டுப் பெறும் ஸ்கிரிப்ட் ஏதாவது உண்டா என்று பாருங்கள். இருந்தால், அதில் பக்கத்தை ஒரே ஒருமுறை ரீலோட் செய்யும் வரியைச் சேருங்கள். ரீலோட் முதன்மைப் பக்கத்தைச் சர்வரிடம் சரிபார்க்கும். ஒருமுறை செய்துவிட்டதைக் குறித்து வைக்கத் தவறினால் பக்கம் முடிவில்லாமல் சுழலும். இல்லையென்றால், எச்டிடிபிஎஸ் தளத்தில் சர்வரை வந்தடையும் எந்தக் கோரிக்கையின் பதிலோடும் கிளியர்-சைட்-டேட்டா ஹெடரில் கேஷ் என்று அனுப்பலாம். அதை ஆதரிக்கும் பிரவுசர்கள் உங்கள் தளத்துக்கான கேஷை அழித்துவிடும். சில நாள் வைத்திருந்துவிட்டு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாம் படியில் தந்த ஓராண்டு ஆயுளுக்குப் பொருளில்லாமல் போகும்.

எங்கள் கால அட்டவணைக்கு இவை எதுவும் உதவியிருக்காது, ஏனெனில் வாட்ஸ்அப்பிலிருந்து நேராகப் பிடிஎஃப்பைத் திறந்தவரின் பிரவுசர் சர்வர் பக்கமே வரவில்லை. திருத்திய அட்டவணையைப் புதிய பெயரில் ஏற்றி, முகப்பில் அந்த இணைப்பைக் கொடுத்து, மாற்றத் தேதியைக் குறிப்பிட்டுக் குழுக்களுக்குப் புதிய இணைப்பை அனுப்பினோம். பழைய பெயரிலிருந்த கோப்புக்கு நோ-கேஷ் கொடுத்து, திருத்திய அட்டவணையையே அங்கும் வைத்தோம். 30 நாள் கழியும் வரை அழைப்புகள் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தன.